துருப்புக்கு ஒரு தீர்ப்பு

(மூன்றாம் ஆண்டு, கணினிப் பொறியியல் மாணவர்)

மலர்க்குழு நண்பர்கள் "நீயும் ஒரு கட்டுரை கொடு" என்று கேட்டபோது, "டேட்டா ஸ்ட்ரக்சர் பற்றி எழுதட்டுமா?" என்றேன். "ஐயோ சாமி, வேண்டாம்! ராத்திரி விடுதியில் பஞ்சாயத்து பண்ணுகிறாயே, அதை எழுது" என்று சொல்லிவிட்டார்கள். பஞ்சாயத்து என்றால் சீட்டுப் பஞ்சாயத்து. ஊனோ ஆடும்போது சண்டை வந்தால், மூன்றாவது மாடியில் தூங்கிக்கொண்டிருக்கும் என்னை எழுப்பிக்கொண்டு போவார்கள்.

பேராசிரியப் பெருமக்கள் பயப்பட வேண்டாம். காசு வைத்து ஆடும் ஆட்டத்தைப் பற்றி இங்கே ஒரு வரியும் கிடையாது. விதி என்று ஒன்று எழுதியிருந்தும், அது தெளிவாக இல்லாத இடத்தில் என்ன செய்வது என்பதுதான் என் விஷயம். அந்தக் கேள்வி என் வீட்டில் பதினோரு மாதம் அடுப்பெரியும் நேரத்தையே மாற்றி வைத்தது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

என் ஊர் போடிமெட்டு. போடிநாயக்கனூரிலிருந்து முந்தல் தாண்டி, 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் மூடுபனிக்குள் ஒரு சோதனைச் சாவடியும் சில டீக்கடைகளும் தெரியும். அதற்கு அந்தப் பக்கம் கேரளா. அப்பாவுக்கு ஏலக்காய் ஸ்டோரில் வேலை. பச்சைக் காயைக் கொண்டு வந்து கொட்டினால், அது காய்ந்து முடிய ஒரு ராத்திரி முழுக்க ஆகும். சூடு ஏறினால் காய் வெடித்துவிடும், இறங்கினால் நிறம் போய்விடும். யாராவது முழித்திருந்து விறகு தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். தூக்கம் வராமலிருக்க என்ன செய்வார்கள்? சீட்டுதான்! எங்கள் ஸ்டோரில் ஆடுவது 'இருபத்தெட்டு'. கேரளாவில் வீட்டுக்கு வீடு தெரிந்த ஆட்டம், மெட்டு ஏறி எங்களுக்கும் வந்துவிட்டது. அங்கே தோற்றவர் காதில் குணுக்கு மாட்டிக்கொள்ள வேண்டும் என்று ஒரு வேடிக்கையான தண்டனை உண்டு. எங்கள் ஸ்டோரில் தோற்ற ஜோடி டீ போட வேண்டும், அவ்வளவுதான்.

தெரியாதவர்களுக்காக ஆட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாலு பேர், எதிரெதிரே உட்காருபவர்கள் ஜோடி. ஏழு முதல் ஆஸ் வரை 32 சீட்டு. இதில் ஜாக்கிதான் ராஜாவுக்கும் மேலே! ஜாக்கிக்கு 3 பாயிண்ட், ஒன்பதுக்கு 2, ஆஸுக்கும் பத்துக்கும் ஒவ்வொன்று. ராஜா, ராணி, எட்டு, ஏழு எல்லாம் பூஜ்யம். பலமும் இதே வரிசைதான். ஒரு இனத்துக்கு 7 பாயிண்ட், நாலு இனத்துக்கும் சேர்த்து 28. பெயர் வந்த கதை அதுதான். முதலில் ஆளுக்கு நாலு சீட்டு. அதைப் பார்த்து "பதினாலு", "பதினஞ்சு" என்று ஏலம் கேட்க வேண்டும். அதிகம் கேட்டவர் தன் கையிலிருந்து ஒரு சீட்டைக் கவிழ்த்து வைப்பார். அந்த இனம்தான் துருப்பு. ஆனால் அது எது என்று அவருக்கு மட்டுமே தெரியும். பிறகு இன்னும் நாலு சீட்டு போட்டு ஆட்டம் தொடங்கும். இறங்கிய இனம் கையில் இல்லாத ஒருவர் "துருப்பைக் காட்டு" என்று கேட்கும் வரை அது கவிழ்ந்தே கிடக்கும்.

யாழ்ப்பாணத்தில் இதற்கு ஒரு அண்ணன் உண்டு, பெயர் 304. அங்கே ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2. கூட்டினால் ஒரு இனத்துக்கு 76, நாலு இனத்துக்கு 304. ஜாக்கியும் ஒன்பதும் மேலே ஏறி உட்காருவது ஐரோப்பாவில் டச்சுக்காரர்கள் ஆடும் ஆட்டங்களின் குணம் என்பதால், அவர்கள் மூலமாகவே இது நம் கடற்கரைக்கு வந்திருக்கும் என்று சீட்டு வரலாறு எழுதுபவர்கள் கருதுகிறார்கள். கொச்சியும் யாழ்ப்பாணமும் டச்சுக்காரர் கையில் இருந்த ஊர்கள்தானே! இருக்கட்டும், ஸ்டோருக்கு வருவோம்.

நான் ஏழாம் வகுப்பு படித்த வருஷம். போடியில் ஆச்சி வீட்டிலிருந்து பள்ளிக்கூடம், சனிக்கிழமை மெட்டுக்கு ஏறி வருவேன். என்னை ஏற்றி வருவது ஜீப் சித்தப்பா. ரத்த சொந்தம் இல்லை. அப்பாவை "அண்ணே" என்று கூப்பிடுவார், அதனால் எனக்குச் சித்தப்பா. அம்மா காய் எடுக்கத் தோட்டத்துக்குப் போவதும் அவர் ஜீப்பில்தான். அன்று ராத்திரி ஆட்டத்தில் சித்தப்பாவும் கங்காணி தாத்தாவும் ஒரு ஜோடி, அப்பாவும் ஸ்டோர் வாட்ச்மேனும் இன்னொரு ஜோடி. சித்தப்பா 20 கேட்டுத் துருப்பு வைத்திருந்தார். 13 வந்துவிட்டது, இன்னும் 7 வேண்டும். மீதி இருந்த 7 பாயிண்டும் ஒரே பிடியில் வந்து விழுந்தது.

நடந்தது இதுதான். வாட்ச்மேன் ஆர்ட்டின் ஆஸை இறக்கினார். அடுத்தது கங்காணி தாத்தா. அவரிடம் ஆர்ட்டின் இல்லை. துருப்பைக் கேட்கவும் இல்லை. ஜாக்கி சித்தப்பாவிடம் இருக்கும் என்ற நம்பிக்கையில் இஸ்பேடு ஒன்பதைக் கழித்துப் போட்டார். மூன்றாவது அப்பா. அவரிடமும் ஆர்ட்டின் இல்லை. "காட்டுப்பா துருப்பை!" என்றார். சித்தப்பா புரட்டினார். இஸ்பேடு! அப்பா இஸ்பேடு பத்தைப் போட்டு வெட்டினார். கடைசியாகச் சித்தப்பா ஆர்ட்டின் ஜாக்கி. ஒன்று, இரண்டு, ஒன்று, மூன்று, ஆக 7.

பிடி யாருக்கு?

சித்தப்பா சொன்னார்: "அண்ணே, இஸ்பேடுன்னா இஸ்பேடு தான். மேசையில ஒம்போதும் கெடக்கு, பத்தும் கெடக்கு. ஒம்போது பெருசு. பிடி எங்களுக்கு."

அப்பா சொன்னார்: "ஒம்போது விழுந்தப்ப துருப்பே தெறக்கலையே! அது கழிச்சுப் போட்ட சீட்டு. வெட்டுனது நான் தான்."

நண்பர்களே, சற்று நிறுத்தி நீங்களே யோசித்துப் பாருங்கள். இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. 'துருப்பு இனம் மற்ற இனங்களை வெட்டும்' என்பது விதி. 'திறக்கும் வரை துருப்புக்கு மதிப்பில்லை' என்பதும் விதி. திறப்பதற்கு முன்னால் அதே பிடியில் விழுந்த சீட்டு எந்த விதிக்குள் வரும் என்று எந்த விதியும் சொல்லவில்லை. யாரும் பொய் சொல்லவில்லை, யாரும் கள்ளாட்டம் ஆடவில்லை. இந்த மாதிரிச் சண்டைதான் ரொம்பக் கசப்பானது. கள்ளாட்டம் என்றால் ஒருவன் தலைகுனிந்து போய்விடுவான். இதில் இருவருமே "நான் நியாயஸ்தன்" என்று எழுந்து போனார்கள்.

மறுநாளிலிருந்து அம்மா அந்த ஜீப்பில் ஏறக்கூடாது என்று அப்பா சொல்லிவிட்டார். வேறு ஜீப் அரை மைல் தள்ளி, அதுவும் ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்பும். அம்மா நாலு மணிக்கே எழுந்து அடுப்பு மூட்டத் தொடங்கினாள். நான் சனிக்கிழமைகளில் போடி பஸ் நிலையத்தில் மூணாறு பஸ்ஸுக்குக் காத்துக் கிடந்தேன். ஒரு டீக்காக ஆடிய ஆட்டம்!

இனி விளக்கத்துக்கு வருகிறேன்.

மற்ற ஊர்களில் இந்தச் சிக்கலை எப்படிச் சமாளித்தார்கள் என்று தேடிப் பார்த்ததில் எனக்கு முதலில் பிடித்தது யாழ்ப்பாணத்து வழி. 304 ஆட்டத்தில் துருப்பு மூடியிருக்கும்போது, இறங்கிய இனம் கையில் இல்லாதவர் தன் சீட்டையும் கவிழ்த்தே போடுவார். பிடி முடிந்ததும் துருப்பு வைத்தவர் அதைப் புரட்டிப் பார்ப்பார். துருப்பாக இருந்தால் திறந்து காட்டுவார், அது வெட்டியதாகக் கணக்கு. இல்லையென்றால் யாருக்கும் காட்டாமல் விட்டுவிடுவார். ஆக, பிடிக்கு நடுவில் திறப்பது என்ற பேச்சே இல்லை, எங்கள் ஸ்டோர் சண்டைக்கு அங்கே இடமே இல்லை. சிக்கலுக்குத் தீர்ப்பு சொல்லாமல் சிக்கலே வராதபடி ஆட்டத்தை அமைத்துவிட்டார்கள். எஞ்சினியரிங் படிக்கிற நாம் கவனிக்க வேண்டிய விஷயம் இது.

அடுத்தது நம் விடுதி ஊனோ. இதன் பிறப்பே ஒரு விதிச் சண்டைதான் தெரியுமா? 1971-இல் அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தில் மெர்ல் ராபின்ஸ் என்ற முடிதிருத்தும் கலைஞர், 'கிரேஸி எய்ட்ஸ்' என்ற ஆட்டத்தின் விதி பற்றித் தன் மகனோடு தகராறு செய்து, அதன் விளைவாகவே புதிய ஆட்டத்தை உண்டாக்கினார் என்கிறார்கள். சண்டை தீர்ந்ததா என்றால், இல்லை! +4 போட்டால் அதன்மேல் +2 போட்டு அடுத்தவன் தலையில் ஆறு சீட்டைக் கட்டலாமா? நம் விடுதியில் எல்லோரும் கட்டுகிறோம். 2019-இல் ஊனோ நிறுவனமே "அப்படிப் போடக் கூடாது, நாலை எடுத்துக்கொண்டு உன் முறையை விடு" என்று அறிவித்தது. உலகம் முழுக்க ஆடுகிறவர்கள் நிறுவனத்தையே எதிர்த்துச் சண்டை போட்டார்கள்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். ஆறு பேர் ஆடும்போது, "ஓட்டுப் போட்டு முடிவு பண்ணலாம்" என்பார்கள். ஜனநாயகம் மாதிரித் தோன்றும். ஆனால் ஆறு சீட்டு வாங்கப் போகிறவன் ஒருவன், வாங்காமல் சிரிக்கப் போகிறவர்கள் ஐந்து பேர். ஓட்டு எப்படி விழும்? இருபத்தெட்டில் வேறு மாதிரி. எப்போதும் இரண்டுக்கு இரண்டு, எத்தனை முறை ஓட்டெடுத்தாலும் சமம். ஆக, ஆடுகிறவர்கள் கூடி நடுவில் எடுக்கும் ஓட்டால் பயனில்லை என்பது என் அனுபவ முடிவு.

விதிச் சண்டையை ஒரு சாஸ்திரமாகவே ஆக்கியவர்கள், சீட்டைச் சேர்த்து மாற்றிக்கொள்ளும் ஆட்டக்காரர்கள். 1993-இல் ரிச்சர்ட் கார்ஃபீல்ட் என்ற கணித ஆசிரியர் உருவாக்கிய 'மேஜிக்: தி கேதரிங்' அந்த வகையில் முதலாவது. நம் சீட்டுக்கட்டில் 32 சீட்டுக்கும் சேர்த்து ஒரு விதி. அங்கே ஒவ்வொரு சீட்டிலும் தனித்தனியாக ஒரு விதி அச்சடித்திருக்கும்! அப்படி 25,000-க்கும் மேற்பட்ட வெவ்வேறு சீட்டுகள். ஒரு சீட்டு இன்னொன்றோடு எங்கே மோதும் என்று எவரால் முன்கூட்டிச் சொல்ல முடியும்? அதனால் மோதும்போது எதைப் பார்ப்பது என்பதற்கே விதி எழுதினார்கள். முழு விதிப்புத்தகம் 200 பக்கத்தைத் தாண்டும். அதில் எனக்குப் புரிந்த மூன்றை மட்டும் சொல்கிறேன்.

சீட்டில் எழுதியிருப்பது பொது விதிக்கு முரணாக இருந்தால் சீட்டே வெல்லும். இது நமக்குப் புதிதல்ல. பத்தாம் வகுப்புத் தமிழய்யாவை நினைத்துக்கொள்ளுங்கள். உயிர் முன் உயிர் வந்தால் உடம்படுமெய் தோன்றும், பசு + இல்லை = பசுவில்லை. அப்படியானால் நாடு + இல்லை? 'நாடுவில்லை' என்று எழுதினால் பிரம்படிதான்! குற்றியலுகரத்துக்குத் தனி விதி இருப்பதால் உகரம் ஓடிப்போய் 'நாடில்லை' ஆகிறது. பொது விதி பொய்யாகிவிடவில்லை, சிறப்பு விதி இருக்கும் இடத்தில் அது ஒதுங்கி நிற்கிறது.

இரண்டாவது, ஒரு சீட்டு 'செய்யலாம்' என்றும் இன்னொன்று 'செய்யக் கூடாது' என்றும் சொன்னால் 'கூடாது' தான் வெல்லும். முதலில் எனக்கு இது அநியாயமாகப் பட்டது. யோசித்தால், 'கூடாது' என்பது 'லாம்' என்பதற்குத் தோற்றுவிடும் என்றால் அந்தச் சொல்லுக்கு ஆட்டத்தில் வேலையே இல்லை.

மூன்றாவதுதான் கணினி மாணவர்களுக்குத் தித்திப்பு. ஆரம்ப வருஷங்களில், ஒருவர் சீட்டுக்கு இன்னொருவர் குறுக்கே சீட்டுப் போட்டால் எது முதலில் நடக்கும் என்பதில் ஏகக் குழப்பம். 1999-இல் அதை அடியோடு மாற்றி 'ஸ்டாக்' கொண்டு வந்தார்கள். ஆமாம், நாம் மூன்றாவது செமஸ்டரில் படித்த அதே ஸ்டாக்! மெஸ்ஸில் தட்டு அடுக்குவது போல, கடைசியில் வைத்தது முதலில் எடுபடும். உங்கள் படைவீரன் இரண்டு அடி தாங்குவான் என்று வைத்துக்கொள்வோம். நான் மூன்று அடி அடிக்கும் மின்னல் சீட்டைப் போடுகிறேன். அது நடக்கும் முன் நீங்கள் அவனுக்கு மூன்று பலம் கூட்டும் சீட்டைப் போடுகிறீர்கள். உங்களுடையது மேல் தட்டு, முதலில் நடக்கும். வீரன் ஐந்து அடி தாங்குபவனாகிவிட்டான். பிறகு என் மின்னல் மூன்று. பிழைத்துக்கொண்டான்! நாலைந்து பேர் ஆடும்போது எல்லோருடைய சீட்டும் ஒரே நொடியில் விழித்துக்கொண்டால்? யாருடைய முறை நடக்கிறதோ அவருடையது அடியில், பிறகு சுற்று வரிசைப்படி ஒவ்வொருவருடையதாக மேலே. எடுக்கும்போது கடைசி ஆளுடையது முதலில். 'நான்தான் முதல்ல சொன்னேன்' என்ற கூச்சலுக்கு வேலையே இல்லை. இப்போது இந்த ஆட்டம் கைப்பேசியிலும் வந்துவிட்டது. அங்கே யாரும் சண்டை போடுவதில்லை, எது முந்தி எது பிந்தி என்று நிரல் எழுதியவர் முன்பே முடிவு செய்துவிட்டார்.

இந்த மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு எங்கள் ஸ்டோர் மேசைக்குப் போனேன். ஒன்பது விழுந்த நொடியில் துருப்பு மூடியிருந்தது. திறந்த பிறகு வந்த பலம் பின்னோக்கிப் போய் ஒன்பதுக்கு உயிர் கொடுக்குமா? நம் அரசியலமைப்பின் 20(1) பிரிவு, செயலைச் செய்த காலத்தில் நடைமுறையில் இருந்த சட்டத்தை மீறினால் மட்டுமே ஒருவனைக் குற்றவாளியாக்கலாம் என்கிறது. குற்றம் வேறு, சீட்டு வேறுதான். ஆனாலும் அந்த நினைப்பு இங்கே பொருந்துகிறது. இன்னொரு காரணமும் உண்டு. கங்காணி தாத்தா விரும்பியிருந்தால் துருப்பைக் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. கேட்பதற்கு ஒரு விலை உண்டு, ரகசியம் உடைகிறது. அந்த விலையைக் கொடுத்தவர் அப்பா. விலை கொடுக்காதவருக்குப் பலன் போகக் கூடாது என்பது என் கட்சி. இதே காரணத்தால்தான், துருப்பைக் கேட்டவரிடம் துருப்பு இருந்தால் வெட்டியே ஆக வேண்டும் என்ற வழக்கத்தையும் நான் ஆதரிக்கிறேன். கேட்டுவிட்டு வெட்டாமல் போகலாம் என்றால், அது இலவசமாக வேவு பார்ப்பது. சில மேசைகளில் அப்படி ஆடுகிறார்கள், அவர்கள் இஷ்டம்.

ஆனால் 'அப்பா பக்கம் பேசுகிறாய்' என்று சித்தப்பா சொன்னால்? அதற்கும் ஒரு சோதனை வைத்தேன்.

அதற்குமுன், அவர்கள் எப்படிப் பேசிக்கொண்டார்கள் என்று சொல்ல வேண்டுமே. பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த வருஷ மழையில் மண் சரிந்து மலைப்பாதை அடைத்துக்கொண்டது. நாங்கள் பாதி வழியில் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தோம். சரிவுக்கு மேலே ஒரு ஜீப் ஹார்ன் அடித்தது. "ஏறுங்க மதினி" என்றார். அம்மா ஏறினாள். மறுநாள் அப்பா ஒன்றும் கேட்கவில்லை. சீட்டும் மறுபடி தொடங்கியது. அந்தப் பிடியைப் பற்றி மட்டும் யாரும் வாயைத் திறப்பதில்லை.

போன தீபாவளி லீவில், முதலில் சித்தப்பாவைத் தனியாகப் பிடித்தேன். துருப்பைக் கிளாவராகவும், இறங்கிய சீட்டை டைமனாகவும் மாற்றி, ஆட்களையும் இடம் மாற்றி வைத்தேன். இப்போது ஒன்பதைக் கழித்துப் போட்டது அப்பாவின் ஜோடி, பத்தால் வெட்டியது சித்தப்பா. "பிடி யாருக்கு சித்தப்பா?" ஒரு நொடி கூட யோசிக்கவில்லை. "எனக்குத்தான். தெறக்கறதுக்கு முன்னாடி விழுந்தது எப்படிடா வெட்டும்?" அதே சீட்டுகளை எடுத்துக்கொண்டு அப்பாவிடம் போனேன். "இதென்னடா கேள்வி? கிளாவர்னா கிளாவர் தானே, ஒம்போது தான் பெருசு" என்றார்!

இருவரையும் ஒன்றாக உட்கார வைத்து விஷயத்தைச் சொன்னேன். சித்தப்பா சிரித்து இருமத் தொடங்கிவிட்டார். அப்பா கொஞ்ச நேரம் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு "சாக்பீஸ் எடு" என்றார்.

அன்றிலிருந்து விடுதியிலும் நான் அப்படித்தான் செய்கிறேன். மேசைக்கு வராமல் வெளியிலேயே நின்று, யார் எந்தச் சீட்டைப் போட்டார்கள் என்று பெயர் சொல்லாமல் கேட்பேன். 'ஒருவன்', 'அடுத்தவன்' என்றுதான் சொல்ல வேண்டும். பெயர் தெரிந்துவிட்டால், என் அறைத்தோழனுக்குச் சாதகமாக என் மூளையே காரணம் தேடித் தரும். எழுதியதில் விடை இருந்தால் அதைச் சொல்வேன். இல்லாவிட்டால் அந்த ஒரு ஆட்டத்துக்குக் காசு சுண்டிப் போட்டு முடித்துவிட்டு, அடுத்த ஆட்டம் தொடங்கும் முன், கையில் சீட்டு இல்லாதபோது, ஆறு பேரும் சேர்ந்து விதியை எழுத வேண்டும். சீட்டு கையில் வந்த பிறகு எவனும் நடுநிலைவாதி இல்லை. நான் உட்பட.

ஸ்டோர் கதவின் உள்பக்கம் இப்போது மூன்று வரி எழுதியிருக்கிறது. திறந்த பிறகு விழும் சீட்டுக்கே துருப்பு மதிப்பு. துருப்பைக் கேட்டவர் இருந்தால் வெட்ட வேண்டும். முதல் நாலு சீட்டிலும் பாயிண்ட் இல்லாதவர் திரும்பப் போடச் சொல்லலாம். மூன்றுக்கும் கீழே இருவரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

அந்த ராத்திரியே அடுத்தது வந்தது. துருப்பு திறந்த பிறகு துருப்பு ராஜாவும் ராணியும் ஒருவர் கையில் இருந்தால் காட்டலாம். கேட்ட ஜோடி என்றால் எடுக்க வேண்டிய கணக்கில் நாலு குறையும், எதிர் ஜோடி என்றால் நாலு கூடும். எங்கள் மேசையிலும் அது உண்டு. அப்பா ராஜாவைக் காட்டினார். "ராணி எங்கண்ணே?" "போன பிடியில விழுந்துருச்சு. என் கையில இருந்து தானே விழுந்துச்சு!" "விழுந்தது விழுந்தது தான்ணே." "ஏன், எங்க எழுதியிருக்கு?" இருவரும் கதவைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள். நான் காசைச் சுண்டினேன், சித்தப்பாவுக்கு விழுந்தது. அப்பா முணுமுணுத்துக்கொண்டே விறகு தள்ள எழுந்து போனார். வரும்போது கையில் சாக்பீஸ் இருந்தது.